முன்சீட்டில் இரண்டு பேர்

திண்டுக்கல்லில் வளர்ந்த எங்களுக்குப் பாய்மரப் படகெல்லாம் சினிமாவில் பார்த்ததுதான். படகு என்றால் கொடைக்கானல் ஏரி. 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் உருவாக்கிய ஏரி அது. அதில் விட்ட முதல் படகுகள் தூத்துக்குடியிலிருந்து மலையேறி வந்தவையாம்.

போன ஜனவரியில் பள்ளி நண்பர்கள் நான்கு பேர் வத்தலக்குண்டு வழியாக பஸ்ஸில் போனோம். அதில் ஒருவனும் நானும் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கைமாத்தாகக் கொடுத்த இருபதாயிரம்தான் காரணம். வேண்டுமென்றே எங்கள் இருவரையும் பெடல் படகின் முன்சீட்டில் உட்கார வைத்தார்கள்.

நடு ஏரியில் பனிமூட்டம் இறங்கியது. கரை மறைந்துவிட்டது. காற்று தள்ளிக்கொண்டு போகப் பாய் கிடையாது, மிதித்தால்தான் நகரும். அவன் காலை நிறுத்தினால் என் காலில் பாரம் ஏறியது.

"அப்பாவுக்கு டயாலிசிஸ்டா. அதான் அப்போ தர முடியல" என்றான், என்னைப் பார்க்காமலே.

"சொல்லியிருக்கலாமேடா?"

"நீ பணத்தை மட்டும்தானே கேட்ட?"

என்னிடம் பதில் இல்லை. மிதித்தேன். அவனும் மிதித்தான்.

கரையேறியதும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, இரண்டு வருஷம் கழித்துக் கேட்டேன்: "அப்பா எப்படிடா இருக்கார்?"