அழைப்பு மணியில் அப்பாவின் பெயர்

பெர்லினில் கட்டடத்துக்கு எண் உண்டு, உள்ளே இருக்கும் வீடுகளுக்குப் பெரும்பாலும் கிடையாது. மூன்றாவது மாடி, பின்கட்டு, இடதுபக்கம் என்று வாயால் சொல்லிக்கொள்ளலாம். மற்றபடி நம்மூர்போல 'எஃப் 2', 'பழைய எண் 14, புதிய எண் 31' எல்லாம் இல்லை. தபால்காரர் வாசலில் வரிசையாக இருக்கும் பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்களைத்தான் பார்க்கிறார். உறையில் உள்ள பெயர் பெட்டியில் இருந்தால் கடிதம் உள்ளே விழும், இல்லாவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். ஆகவே சாவி கைக்கு வந்ததும், பால் காய்ச்சுவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. தபால்பெட்டியிலும் தெருவாசல் அழைப்பு மணியிலும் பெயர் ஒட்டவேண்டும்.

எந்தப் பெயரை ஒட்டுவது என்பதில்தான் நமக்குச் சிக்கல். இந்த ஊர் முழுக்கக் குடும்பப் பெயரில் நடக்கிறது. நம்மில் பலருக்கு அப்படி ஒன்று இல்லாததால் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்துக்கு அப்பாவின் பெயரைக் கொடுத்துவிடுகிறோம். என் பாஸ்போர்ட்டில் என் அப்பா, கணவருடையதில் அவருடைய அப்பா, மகளுடையதில் என் கணவர். ஆக எங்கள் மணிப்பலகையில் மூன்று பெயர்கள். மூன்றும் ஆண்பிள்ளைகள். அவர்களில் இரண்டு பேர் இந்த வீட்டில் குடியிருக்கவே இல்லை. திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வருவதற்கே இரண்டு தடவை யோசிக்கிற என் அப்பாவின் பெயரில்தான் வங்கியும் காப்பீட்டுக்காரர்களும் வரி அலுவலகமும் எனக்குக் கடிதம் எழுதுகின்றன, முன்னால் 'ஃபிராவ்' என்று ஒரு திருமதியையும் சேர்த்து. போனில் இதைச் சொன்னபோது அப்பா கேட்டது ஒன்றுதான்: "என் பேருக்கு வரி கிரி போட்டுராம்லா?"

வரி போடத்தான் செய்கிறார்கள். அதற்கான முதல் படி முகவரிப் பதிவு. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளோடு போய்ப் பதிந்துகொள்ளவேண்டும் என்பது சட்டம். பெர்லினில் 12 பெருவட்டங்கள் இருக்கின்றன, எந்த வட்டத்து அலுவலகத்திலும் பதியலாம். எங்களுக்கு நேரம் கிடைத்தது கிழக்குக் கோடியில் உள்ள மார்ட்சானில். எஸ்7 ரயில் நகரத்தின் நடுவயிற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. சுற்றுலாக்காரர்கள் அலெக்சாண்டர்பிளாட்ஸோடு இறங்கிவிட, அதற்கப்புறம் பெட்டியில் தள்ளுவண்டிக் குழந்தைகளும் காய்கறிப் பையோடு பாட்டிகளும்தான். பிறகு, 1970களின் கடைசியில் கிழக்கு ஜெர்மனி அரசு கட்டத் தொடங்கிய அடுக்குமாடிகள், கான்கிரீட் பலகைகளைக் கோத்து நிறுத்தியவை, கண்ணுக்கெட்டிய தூரம்வரை. பிராண்டன்பர்க் வாயிலைப் பார்ப்பதற்கு முன் நான் பார்த்த பெர்லின் இது. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

பதிவுப் படிவத்தில் மதம் கேட்கிறார்கள். நமக்குச் சுருக்கென்கிறது. ஆனால் கேட்பதற்குக் காரணம் வேறு: கத்தோலிக்கராகவோ புராட்டஸ்டண்டாகவோ பதிந்தால் வருமான வரியின் மேல் 9 சதவீதம் தேவாலய வரி சம்பளத்திலேயே பிடிக்கப்படும். மற்ற பெரும்பாலோருக்கு அந்தக் கட்டம் காலி, பையும் பத்திரம்.

பதிந்த பிறகு கடிதங்கள் வரத் தொடங்கும். 11 இலக்க வரி எண் தபாலில்தான் வரும். வங்கி அட்டை ஒரு நாள், அதன் ரகசிய எண் இன்னொரு நாள், தனித்தனி உறையில். எங்கள் வீட்டில் டிவி இல்லை, ரேடியோ இல்லை. ஆனாலும் பொது ஒலிபரப்புக்காக மாதம் 18.36 யூரோ கட்டவேண்டும் என்று கடிதம் வந்தது. வீட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு, பெட்டி இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. மொழி சரியாகத் தெரியாத காலத்தில் ஒவ்வொரு உறையும் வயிற்றில் புளியைக் கரைக்கும். இப்போது உறையின் நிறத்தைப் பார்த்தே நல்லதா கெட்டதா என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.

அந்தப் பெயர்ப்பலகை இன்னொன்றும் செய்தது. பார்சல் வரும்போது நாம் வீட்டில் இல்லையென்றால், கொண்டுவந்தவர் அதை அக்கம்பக்கத்தில் யாரிடமாவது கொடுத்துவிட்டு, அவர் பெயரை ஒரு சீட்டில் கிறுக்கி நம் பெட்டியில் போட்டுப் போவார். நாம் மணிப்பலகையில் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு போய் நிற்கவேண்டும். இங்கே அண்டைவீட்டார் தாமாக வந்து கதவைத் தட்டி, எந்த ஊர், என்ன வேலை, சொந்த வீடா என்று கேட்கமாட்டார்கள். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒரு வணக்கம், அவ்வளவுதான். பார்சல் மட்டும் விதிவிலக்கு. முதல் மாடிப் பெரியம்மாவை நான் அறிந்தது இப்படித்தான். எங்கள் வீட்டில் மூன்று தனி ஆண்கள் வாடகையைப் பங்கிட்டுக்கொண்டு இருக்கிறார்கள் என்று அவர் அதுவரை நம்பிக்கொண்டிருந்தாராம். பெயர் விவகாரத்தை என் அரைகுறை ஜெர்மனில் விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "உங்கள் அம்மாவின் பெயர் எங்கேயுமே வராதா?" என்றார். பதில் சொல்ல எனக்கு ஜெர்மனும் போதவில்லை, தமிழும் போதவில்லை.

வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். விளம்பரத்தில் இரண்டு வாடகை போட்டிருப்பார்கள்: 'குளிர் வாடகை', 'வெப்ப வாடகை'. முதலாவது சுவருக்கு மட்டும். இரண்டாவதில் தண்ணீர், குப்பை, மாடிப்படி சுத்தம், பெரும்பாலும் வெப்பமூட்டலும் சேரும். முன்பணம் மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தராது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவளுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் வீட்டில் சமையலறை இருக்கும் என்று உறுதி கிடையாது. அறை இருக்கும், அடுப்பு, தொட்டி, அலமாரி எதுவும் இருக்காது. முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார், விளக்குகளையும் சேர்த்து. கூரையிலிருந்து மூன்று ஒயர்கள் தொங்கும்.

எங்களுடையது பழைய கட்டடம், பின்கட்டு. முன்கட்டு, பின்கட்டு, நடுவில் முற்றம் என்றதும் காரைக்குடியை நினைத்துவிடாதீர்கள். ஆலைத் தொழிலாளர்களை அடைத்துவைக்கக் கட்டிய வீடுகள் இவை. 1853ஆம் ஆண்டுக் கட்டட விதி, முற்றம் குறைந்தது 5.34 மீட்டருக்கு 5.34 மீட்டர் இருக்கவேண்டும் என்றது. வெளிச்சத்தையோ காற்றையோ எண்ணி வைத்த அளவில்லை, தீயணைப்பு வண்டி உள்ளே திரும்புவதற்கு அவ்வளவு இடம் வேண்டியிருந்தது. அந்த முற்றத்தில் இன்று சைக்கிள்களும் குப்பைத் தொட்டிகளும். காகிதத்துக்கு நீலம், காய்கறிக் கழிவுக்குப் பழுப்பு, பிளாஸ்டிக்குக்கு மஞ்சள் அல்லது ஆரஞ்சு. கண்ணாடிக்குத் தனி, அதிலும் வெள்ளைக் கண்ணாடி வேறு, வண்ணக் கண்ணாடி வேறு. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி போடக்கூடாது, சத்தம் கேட்கும்.

ஞாயிறு என்பது இங்கே கிட்டத்தட்ட ஊரடங்கு. கடைகள் மூடியிருக்கும், துளைப்பான் ஓட்டக்கூடாது. காலையில் பேக்கரி, பெரிய ரயில் நிலையங்களில் சில கடைகள், தெருமுனையில் 'ஷ்பேட்டி' எனப்படும் பெட்டிக்கடைகள், இவைதான் கதி. தயிர் தீர்ந்ததைச் சனிக்கிழமை இரவே கண்டுபிடித்துவிடவேண்டும். கடைகளில் கூட்டமும் இரைச்சலும் வேண்டும் என்று ஏங்குகிறவர்கள் செவ்வாய், வெள்ளியில் மைபாக் ஊஃபர் கால்வாய்க்கரைச் சந்தைக்குப் போகலாம். துருக்கிக்காரர்களின் சந்தை. கொத்தமல்லியும் புதினாவும் கட்டுக்கட்டாக, நம்மூர்போலவே கூவி விற்கிறார்கள். 1961இல் துருக்கியோடு போட்ட ஒப்பந்தத்தின் பேரில் தொழிலாளர்களாக வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். சாயங்காலம் சந்தை கலையும் நேரத்தில் ஒரு பெட்டித் தக்காளி ஒரு யூரோவுக்குக்கூடக் கிடைக்கும்.

ரயில் நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது. டிக்கெட் வாங்கி, நாமே முத்திரை குத்திக்கொண்டு ஏறவேண்டும். யாரும் பார்ப்பதில்லை என்று தோன்றும். ஜீன்ஸ் போட்டுப் பக்கத்தில் நின்றிருந்தவர் திடீரென அடையாள அட்டையை எடுப்பார், டிக்கெட் இல்லாவிட்டால் 60 யூரோ. மாதச் சீட்டு எடுத்துவிட்டால் இந்தக் கவலை இல்லை. நாடு முழுக்க உள்ளூர் வண்டிகளில் செல்லும் 'ஜெர்மனி டிக்கெட்' 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, பிறகு 58 ஆனது, அப்புறம் 63. ஏறியதைப் பற்றி எல்லோரும் புலம்புகிறார்கள். விட்டவர்கள் யாரையும் நான் பார்க்கவில்லை. டிராமில் உட்கார்ந்தால் பழைய எல்லையும் புரியும். மேற்கு பெர்லின் 1967க்குள் டிராம் தடங்களை எடுத்துவிட்டது, கிழக்கு விட்டுவைத்தது. இன்றும் தண்டவாளம் பெரும்பாலும் கிழக்கில்தான்.

அந்த எல்லையில் நம் கதையும் ஒன்று இருக்கிறது. பிரிட்ஸ் பகுதியில் ஈழத்தமிழர்கள் எழுப்பிய மயூரபதி முருகன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை, "நீங்கள் இந்தியாவே?" என்று கேட்டுப் பேச்சைத் தொடங்கினார் ஒரு அக்கா. நான் வீடு கிடைக்காத கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாங்கள் வரேக்க சுவர் நிண்டது, பிள்ளை" என்றார். 1980களில் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலில் ஃபிரீட்ரிஷ்ட்ராஸ நிலையம்வரை வந்து, மேற்கே கடந்தவர்கள் அவர்கள். கிழக்கு அரசு வழிப்பயணிகளாக விட்டுவிடும். நகரப் பிரிவினையைச் சர்வதேச எல்லையாக ஏற்காததால் மேற்கில் சோதனை கிடையாது. இரண்டு வல்லரசுகளின் வீம்புக்கு நடுவில் இருந்த இடுக்கு. நிறுவனம் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, விமான நிலையத்துக்குக் கார் அனுப்பி வந்தவர்கள் நாங்கள். அதற்கப்புறம் சமையலறை இல்லாத வீட்டைப் பற்றி அங்கே நான் பேசவில்லை.

குளிர் பழகிவிடும், நல்ல கோட்டு வாங்கினால் போதும். இருட்டு பழகாது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் காலை எட்டேகாலுக்கு விடிந்து நான்கு மணிக்கு முன்பே அடைந்துவிடுகிறது. நடுவில் இருப்பதும் பெரும்பாலும் சாம்பல் நிறம். ஜன்னலைத் தினமும் இரண்டு மூன்று தடவை முழுக்கத் திறந்து காற்றை மாற்றவேண்டும், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். தாளிக்கிறவர்கள் கூடுதலாக ஒரு தடவை திறக்கவும். ஜூனில் இதே ஊரில் ஒன்பதரைக்குத்தான் சூரியன் மறைகிறது, ஏரிக்கரைகளில் இடம் கிடைப்பதில்லை, படிக்கட்டு வணக்கம்கூட இரண்டு வாக்கியம் நீள்கிறது.

இந்த ஊருக்குக் குடிவரப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வேலை உத்தரவில் நவம்பர் என்று போட்டிருந்தால், ஏப்ரலுக்கு மாற்றித் தரமுடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மாட்டேன் என்றால் வாருங்கள், ஆனால் சமையலறையோடு உள்ள வீடாகப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.