கடவுச்சீட்டு உங்கள் கையிலேயே இருக்கட்டும்

மறிச்சுக்கட்டிப் பெண்களுக்கு ஆவணத்தின் அருமையை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் விட்டுவந்தவர்கள் பலர். மீளக்குடியேறிய பின்னர் அவற்றுக்காக அலுவலகங்களுக்கு அலைந்தார்கள்.

அண்மையில் பிரான்சிலுள்ள மகளிடம் சுற்றுலா விசாவில் செல்லவிருந்த ஓர் உம்மா, "பாசை தெரியாத இடம், என்ன கவனமாயிருக்கணும் மகள்?" என்று கேட்டார். நான் சொன்னவை இவைதான்:

கடவுச்சீட்டை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். அதன் பிரதியொன்றை வேறு பையிலும், இன்னொன்றை ஊரிலும் வையுங்கள். பாரிஸ் மெட்ரோ ரயிலில் பிக்பொக்கட்காரர் உண்டு. கைப்பை முன்பக்கமாக இருக்கட்டும். கடவுச்சீட்டு தொலைந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்து, பாரிஸிலுள்ள இலங்கைத் தூதரகத்துக்குச் செல்லுங்கள். ஆபத்தென்றால் 112க்கு அழையுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எங்கும் அது இலவசம். மகளின் முகவரியை எழுதி எப்போதும் உடன் வையுங்கள்.

ஷெங்கன் சுற்றுலா விசாவில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. விசாவில் குறித்த நாட்கள் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். "நின்றுவிடுங்கள், வேலை எடுத்துத் தருகிறேன், கடவுச்சீட்டைத் தாருங்கள்" என்பவரிடம் அதைக் கொடுத்துவிட்டால், நினைத்த நேரம் ஊர் திரும்பும் வழியையும் அவரிடமே கொடுத்துவிடுகிறோம்.

சகோதரிகளே, பயந்து வீட்டிலிருக்கச் சொல்லவில்லை. பிள்ளையைப் பார்த்துவிட்டு, போன மாதிரியே பாதுகாப்பாகத் திரும்பி வாருங்கள்.