முக்காலி ஆடும் இடம்

தொலைநோக்கிகளின் விலைப்பட்டியலில் முக்காலிக்கென்று தனி வரி கிடைப்பது அரிது. வில்லையின் விட்டமும் குவியத்தூரமும் கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்க, கால்கள் மூன்றும் உடன் வரும் உதிரிப் பொருள்களோடு பெட்டியின் அடியில் கிடக்கின்றன. ஆனால் 150 மடங்கு பெருக்கிக் காட்டும் கருவி, வியாழனைப் பெருக்கும் அதே அளவில் தன் கால்களின் நடுக்கத்தையும் பெருக்கிக் காட்டுகிறது. கால்கள் வந்து சேரும் தலைத்தட்டின் அகலம் 20 செ.மீ. என்று கொண்டால், அதன் ஒரு விளிம்பில் உள்ள மூட்டில் ஒரு தாளின் கனமான 0.1 மி.மீ. தளர்வு இருந்தாலே குழாய் ஏறத்தாழ 100 விகலை சாய்ந்துவிடும். விகலை என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு; பூமிக்கு மிக அருகில் வரும்போதும் வியாழனின் வட்டு சுமார் 50 விகலையளவே தோன்றுவதால், அந்தத் தாள் கனத் தளர்வு கோளை அதன் விட்டத்தைப்போல் இரு மடங்கு தூரத்துக்குத் தள்ளிவிடுகிறது.

காரைக்குடிப் பக்கத்து மரப்பட்டறை ஒன்றுக்குப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்த தொலைநோக்கியிலும் குறை இதுவே. 102 மி.மீ. விட்டமும் 1,000 மி.மீ. குவியத்தூரமும் உடைய அந்த விலகல் தொலைநோக்கி, அதாவது ஆடியால் அன்றி வில்லையால் ஒளியைக் குவிக்கும் வகை, ஒன்றனுள் ஒன்று நுழையும் அலுமினியக் கால்களின்மேல் நின்றது. ஆசாரி குழாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. தலைத்தட்டை இரு கைகளாலும் பற்றி, ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திருகுவதுபோல் இடமும் வலமுமாக மெல்லத் திருகினார். பிறகு அதே வேலையை மகனிடம் விட்டுவிட்டு, ஒவ்வொரு மூட்டின்மேலும் தம் கட்டைவிரலைக் குறுக்கே வைத்து, நகர்வது எது, நகராதது எது என்று தடவிக்கொண்டே வந்தார். “காலு ஆடல தம்பி, ஜாயின்ட்டுதான் ஆடுது” என்ற அவருடைய முடிவு, முக்காலிகளைப் பற்றிச் சொல்லப்படும் பல நீண்ட விளக்கங்களைவிடத் துல்லியமானது.

அலுமினியம் என்ற உலோகத்தின்மேல் பழி போடும் வழக்கம் இத்துறையில் பரவலாக இருப்பினும், மெல்லிய தகட்டுக் கால்களின் உண்மையான நோய் அவற்றின் நீளத்திலும் இணைப்பிலும் இருக்கிறது. ஒரு முனையில் பிடிக்கப்பட்ட தண்டு மறுமுனையில் வளையும் அளவு அதன் நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது என்பதால், காலைப் பாதியளவாகக் குறுக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே உள்கால்களை வெளியே இழுக்காமல் நிறுத்துவதே காசு செலவில்லாத முதல் திருத்தம். அடுத்து, கால்களுக்கு நடுவே மாட்டப்படும் தட்டு வில்லைகளை வைப்பதற்கான வெறும் வசதி அன்று. அது மூன்று கால்களையும் வெளிப்புறமாக அழுத்தி மூட்டுகளின் தளர்வை ஒரே பக்கமாகச் சேர்த்து வைப்பது என்பதால், நெகிழும் பிளாஸ்டிக் தட்டை எடுத்துவிட்டு இறுக்கமான தட்டை வைத்தாலே ஆட்டம் கண்கூடாகக் குறையும். கால்களுக்குள் உலர்ந்த மணலை நிரப்பும் முறைக்கும் ஆதரவாளர்கள் உண்டு. மணல் அதிர்வை விழுங்கும் என்பது மெய்தான் எனினும், மூட்டின் தளர்வை அது தொடுவதே இல்லை. கூடுதல் எடையைச் சுமந்து மாடிப்படி ஏறுபவருக்கு அந்த வேறுபாடு விரைவிலேயே விளங்கும்.

கால்களைக் குறுக்கலாம் என்ற அறிவுரைக்குத் தமிழ்நாட்டில் ஒரு தடை இருக்கிறது. காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அகலாங்கில் அமைந்திருப்பதால், கோள்கள் நடுவானைக் கடக்கும்போது பெரும்பாலும் தலைக்கு மேலேயே கடக்கின்றன. ஒரு மீட்டர் நீளக் குழாய் செங்குத்தாக நிமிரும்போது, அதன் அடிமுனையில் உள்ள கண்வில்லை பார்ப்பவரின் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிடும். எனவே நீண்ட விலகல் தொலைநோக்கிக்கு உயரமான கால்கள் இங்கு ஆடம்பரமல்ல, தேவை. குழாயின் மேல்முனையில் கண் வைக்கும் நியூட்டன் வகைத் தொலைநோக்கிக்கோ குட்டையான கால்களே போதும். கடையில் இரண்டுக்கும் ஒரே முக்காலியைக் கட்டிக்கொடுப்பது வியப்புக்குரியது.

இதனினும் சிக்கலானது, முக்காலியின்மேல் குழாயைத் தாங்கித் திருப்பும் ஏந்தியின் சாய்வு. 1824இல் டோர்பாட் வானாய்வகத்துக்காக ஃப்ரான்ஹோஃபர் அமைத்த பெருந்தொலைநோக்கியால் புகழ்பெற்ற ஜெர்மானிய வகை ஏந்தியில், ஓர் அச்சு வான துருவத்தை நோக்கிச் சாய்ந்திருக்க, குழாய் ஒருபுறமும் அதைச் சமன்செய்யும் எதிரெடை மறுபுறமும் நிற்கும். நடு ஐரோப்பாவில் 50 பாகை நிமிர்ந்து நிற்கும் துருவ அச்சு காரைக்குடியில் ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. அதனால் சுமை முழுவதும் முக்காலியின் மையத்தைவிட்டு வடக்கே தள்ளிப்போக, கீழே தொங்கும் எதிரெடைத் தண்டு வடக்குக் காலில் இடிக்கிறது. சுமையைத் தாங்க வடக்கே ஒரு கால் வேண்டும், தண்டு சுழல அங்கே கால் இருக்கக் கூடாது. ஆசாரியிடம் இதை ஆசிரியர் விளக்கியபோது, தலைத்தட்டுக்கும் ஏந்திக்கும் இடையே ஒரு சாண் உயரக் கட்டைத் தூணைச் செருகிவிடலாம் என்று அவர் உடனே கூறினார். வெளிநாடுகளில் நீட்டல் தூண் என்ற பெயரில் விற்பனைக்கு வருவதும் அதே தீர்வுதான். எதிரெடையைப் பொறுத்தவரை, ஓர் எடைக்குப் பதில் அதே அளவுள்ள இரண்டு எடைகளைப் பாதித் தூரத்தில் மாட்டினால் சமநிலை மாறாமலே எதிரெடையின் சுழற்சித் தடை பாதியாகிறது. தண்டும் குட்டையாவதால் இடிக்கும் அபாயம் நீங்குவதோடு, அசைந்த குழாய் விரைவாகவும் அடங்குகிறது.

அலுமினியக் கால்களுக்கு மாற்றாக மரக் கால்கள் என்ற எண்ணம் புதிதன்று. ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்து முல்டாவைச் சேர்ந்த பெர்லபாக் நிறுவனம் 1898 முதல் முக்காலி செய்துவருகிறது; அதன் கால்கள் ஆஷ் எனப்படும் மரத்தாலானவை. நில அளவையாளர்களின் கருவிகளும் நெடுங்காலம் மரக் கால்களின்மேலேயே நின்றன. மரத்தின் சிறப்பு அதன் வலுவில் மட்டும் இல்லை. அதன் நார்களுக்கிடையே எழும் உராய்வு அதிர்வை வெப்பமாக்கிக் கரைத்துவிடுவதால், தட்டினால் உலோகம் மணிபோல் ஒலிக்க, மரம் ‘டொக்’கென்று அடங்கிவிடுகிறது. ஆஷ் கிடைக்காத இடத்தில் தேக்கு பொருந்தும் என்றாலும், ஆசாரி தேடியது புதுத் தேக்கை அல்ல. செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வெளிவரும் பர்மாத் தேக்குச் சட்டங்கள், பல பத்தாண்டுகள் கூரைக்கடியில் காய்ந்து, முறுக்க வேண்டியதெல்லாம் முறுக்கி முடித்தவை. அவற்றுள்ளும் வெளிறு நீக்கி வைரம் மட்டும் கொண்ட, கணு இல்லாத, ரேகை நேராக ஓடும் துண்டுகளையே அவர் ஒதுக்கினார். ரேகை விளிம்பைவிட்டு வெளியே ஓடும் துண்டு இழைக்க அழகாயிருந்தும் ஓரமாகப் போடப்பட்டது.

ஒவ்வொரு காலும் 40 மி.மீ. அகலமும் 20 மி.மீ. கனமும் உள்ள இரண்டு சட்டங்களால் ஆனது. மேலே ஒரு சாண் விலகியும் கீழே ஒரே அடிக்கட்டையில் கூடியும் அவை நிற்பதால், தலைத்தட்டைத் திருகும் விசைக்கு அந்த முக்கோண வடிவமே தடையாகிறது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி வேண்டாமென்று ஆசிரியரே ஒப்புக்கொண்டார். நழுவும் இணைப்பு இல்லாத கால், கவலைப்பட ஓர் இடம் குறைந்த கால். தேக்கின் எண்ணெய்ப்பசை பசையை ஒட்டவிடாது என்பதால் ஒட்டும் முகங்களைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்த பின்னரே பசை தடவப்பட்டது. மூட்டுத் துளைகளைப் போடுவதில் மகன் காட்டிய பொறுமை தனியே குறிப்பிடத்தக்கது: 10 மி.மீ. போல்ட்டுக்கு 9.5 மி.மீ. துளையிட்டு, மிச்சத்தை வட்ட அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்த்து, விரலால் தள்ளினால் நுழையாமலும் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினால் நுழையும்படியும் நிறுத்தினார். இருபுறமும் அகன்ற வாஷர், முடிவில் தானாகக் கழலாத நைலான் நட்.

தொலைநோக்கியைப் புதுக் கால்களில் ஏற்றி, தொலைவிலிருந்த கோபுர விளக்கொன்றில் குறிவைத்து, குழாயை விரலால் சுண்டி அடங்கும்வரை எண்ணுவது சோதனையாயிற்று. பழைய கால்களில் ஆறுவரை எண்ண வேண்டியிருந்த நடுக்கம் இரண்டை எட்டுமுன் நின்றது. தரைக்கெனப் பொருத்திய இரும்புக் கூர்முனைகள் மாடியின் தட்டோட்டைக் கீறும் என்று கண்டு, பழைய சைக்கிள் டயரை வெட்டி மூன்று மெத்தைகளும் செய்யப்பட்டன.

ஐப்பசி மழையில் மரம் சற்றே உப்பும், பங்குனி வெயிலில் சுருங்கும். வண்டியில் ஏற்றுமுன் ஆசாரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஒவ்வொரு நட்டின்மேலும் தொடங்கி வாஷரைக் கடந்து மரத்தில் முடியும்படி ஒரு நேர்கோடு இழுத்தார். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று பொருள், கால் சுற்று முறுக்கினால் போதும் என்றும், அதற்காகப் பட்டறைக்கு வரவேண்டியதில்லை என்றும் ஆசிரியரிடம் சொன்னார்.