பஸ் பத்து நிமிஷம் நிக்கும்!

"வண்டி பத்து நிமிஷம்தான் நிக்கும். டீ, டிபன் சாப்பிடுறவங்க இறங்கிக்கோங்க!"

திருச்சி - சென்னை பஸ்ஸில் போனவர்களுக்கு இந்தக் குரல் ரொம்பப் பழக்கம். அன்றைக்கு இன்டர்வியூவுக்காக நானும் தோழியும் கிளம்பியிருந்தோம். வேப்பூர் தாண்டி ஒரு மோட்டலில் வண்டி நின்றது.

"ஏய், இது உங்க நல்லூர் பக்கம்தானே? உங்க ஊர் ஸ்பெஷல் என்னடி? வாங்கிக் குடு" என்றாள்.

கடை முழுக்கத் தேடினேன். சென்னையில் கிடைக்கிற அதே சிப்ஸ், அதே பிஸ்கட், விலை மட்டும் அதிகம்! டாய்லெட் பக்கம் போனவள் போன வேகத்தில் திரும்பினாள். "பஸ் ஏறுற அன்னிக்கு நான் தண்ணியே குடிக்க மாட்டேன்டி" என்றாள், ரொம்ப சாதாரணமாக. எனக்குத்தான் சுருக்கென்றது.

ஜப்பானில் ரோட்டோர நிறுத்தங்களுக்கு 'மிச்சி நோ எகி' என்று பேர். 'சாலை ஸ்டேஷன்' என்று அர்த்தம். 1993-ல் முதன்முதலாக 103 இடங்களைப் பதிவு செய்தார்கள். இன்று 1,200-ஐத் தாண்டிவிட்டது. ராத்திரி ரெண்டு மணிக்குப் போனாலும் பார்க்கிங், டாய்லெட் ரெண்டும் ஃப்ரீ. எதுவும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் வாங்குகிறார்கள். ஏன்னா, அங்கே இருப்பது அந்த ஊர் விவசாயி கொண்டுவந்து வைத்த காய்கறி, அந்த ஊர்க் கைவினைப் பொருள். வண்டி நிற்கிறது, ஊரும் பிழைக்கிறது.

நம்ம பக்கம் மட்டும் என்ன குறைச்சலாம்? நெய்வேலியில் நிலக்கரி தோண்டும்போது வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர அது பெரிய காரணம். பொம்மை, விளக்கு என்று எத்தனையோ செய்கிறார்கள். அதைச் சொல்லித்தர அரசு நிறுவனமே உண்டு. முந்திரியில் 'வி.ஆர்.ஐ.' என்று ஆரம்பிக்கிற ரகங்கள் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் தந்தவை. கூப்பிடு தூரத்தில் பண்ருட்டி பலா. இதில் ஒன்றுகூட அந்தக் கடையில் இல்லை!

இத்தனைக்கும், வழிப்போக்கரைக் கவனிக்க நமக்கு ஜப்பான்காரர் சொல்லித்தர வேண்டியதில்லை. சத்திரமும் தண்ணீர்ப்பந்தலும் வைத்தவர்கள் நாம். பிரசவத்தில் இறந்துபோன பெண்ணின் நினைவாக ரோட்டோரம் சுமைதாங்கிக் கல் நட்டவர்கள். தலைச்சுமையோடு வருகிறவர் யார் தயவும் இல்லாமல் அதை இறக்கிவைக்கலாம்.

டிரைவர் ஹாரன் அடித்தார். ஓடிப்போய் ஏறினோம்.

சென்னை வரும் வரைக்கும் என் தோழி தண்ணி பாட்டிலைத் தொடவே இல்லை.