மேஸ்திரி ஐயா

நம் சங்கத்துக் குடும்பங்களில் மேஸ்திரி ஐயாவை அறியாதவர் இரார். கரக்பூர் நிலையத்து நடைமேடை 1,072 மீட்டர் நீளமுடையது. ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது என்று பெயர் பெற்றது. அதன் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பிறர் கால் மணியில் நடந்துவிடுவர். ஐயாவுக்கோ ஒன்றரை மணி வேண்டும். தேநீர் விற்பவர், போர்ட்டர், டிக்கெட் பரிசோதகர், வண்டிக்குக் காத்திருக்கும் முன்பின் அறியாத கிழவி, எல்லாரிடமும் நின்று க்ஷேமம் விசாரித்தாக வேண்டும். வங்காளியிடம் வங்காளம், தெலுங்கரிடம் தெலுங்கு. இலக்கணத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை. சென்ற தை மாதம், தமது எழுபத்தாறாம் வயதில், அவர் காலமானார்.

தஞ்சைப் பக்கத்துத் தச்சுக் குடும்பத்தில் பிறந்தவர். 1967-ல் பெங்களூர் சென்று மதராஸ் சாப்பர்ஸ் படையில் தச்சராகச் சேர்ந்தார். பாலம் அமைப்பதும், பாதை திறப்பதும், கண்ணிவெடி அகற்றுவதும் அப்படையின் தொழில். அவ்வீரர்களை இராணுவத்தில் யாவரும் 'தம்பி' என்றே அழைப்பர். எழுபது வயதான ஐயாவையும் 'தம்பி' என்று கூவி அணைத்துக்கொண்ட பஞ்சாபி நண்பர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். படையிலிருந்து வந்தபின் ரயில்வே பட்டறையில் தச்சுவேலை. அதிலும் ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டார்.

2012-ல் நான் குமாஸ்தாவாக இவ்வூர் வந்தபோது ஹிந்தியும் அறியேன், வங்காளமும் அறியேன். அடுத்த வீட்டுத் திண்ணையில் இழைப்புளியின் ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தேன். "சாப்பிட்டாயிற்றா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அன்று முதல் என் மாலைப்பொழுதெல்லாம் அத்திண்ணையில் கழிந்தது. மரத்தை விரலால் தட்டியே வைரம் எது, வெளிறு எது என்று சொல்லுவார். நம் சங்கத்துக் கொலுப்படி அவர் கைவேலை அல்லவா? ஒன்பது படி, ஓர் ஆணி கிடையாது. யாவும் கழுந்தும் துளையுமாகப் பொருந்துவன. விழா முடிந்ததும் பிரித்து அடுக்கிவிடலாம்.

அவரிடம் அகன்ற உளி ஒன்று இருந்தது. எதைக் கேட்டாலும் இரவல் தருபவர், அதை மட்டும் தாரார். ஒரு நாள் அவர் கடைக்குச் சென்றிருந்த சமயம், ஊரிலிருந்து எனக்கு வந்த பெட்டியைத் திறக்க அதையே எடுத்து நெம்பினேன். ஆணியில் பட்டு முனை சிதறிவிட்டது. திரும்பி வந்தவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஊரெல்லாம் பேசுகிற மனிதர் இரண்டு மாலை என்னுடன் பேசாமல் அதைச் சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். வைதிருந்தால் எவ்வளவோ மேலாயிருக்கும்.

மூன்றாம் மாலை தாமாகவே சொன்னார். 1971 டிசம்பரில் பசந்தர் ஆற்றங்கரை. நம் டாங்கிகள் ஆற்றைக் கடக்கவேண்டும். குறுக்கே கண்ணிவெடி வயல். இருட்டில் வயிற்றால் ஊர்ந்து, இரும்புக் கோலைச் சாய்வாக மண்ணில் செலுத்தித் தேடவேண்டுமாம். நேரே குத்தினால் வெடியின் மேற்பாகம் அழுந்திவிடும். "உளி பிடித்த கை, தம்பி. மெதுவாகப் போகும்," என்றார். அவருடன் சேர்ந்த சேலத்துத் தச்சர் ஒருவர் பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்தார். விடியும்போது அவர் இல்லை. உளி அவருடையது. யுத்தத்தைப் பற்றி ஐயா என்னிடம் பேசியது அந்த ஒரு மாலைதான். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது, "தேநீர் ஆறுகிறது," என்று சொல்லிவிட்டார்.

இவ்வாண்டு நவராத்திரிக்குப் படிகளை எடுத்தோம். ஒவ்வொரு மூட்டிலும் அவர் உளியால் கீறிய எண்கள் இருந்தமையால் எட்டுப் படிகள் தாமே பொருந்தின. ஒன்பதாம் படியின் கழுந்து மழை ஈரத்தில் பருத்திருந்தது. இளைஞர் ஒருவர் சுத்தியலைக் கொண்டுவந்தார். ஐயாவின் மனைவியார் அவரைத் தடுத்து, வீட்டுக்குள் சென்று, துணியில் சுற்றிய அந்த உளியைக் கொணர்ந்து என் கையில் வைத்தார்.

"நீயே சீவு, தம்பி."

கை நடுங்கிற்று. மயிரிழையாகச் சீவினேன், பொருத்திப் பார்த்தேன், மறுபடி சீவினேன். கூடியிருந்தவர்கள் பொறுமையிழந்திருப்பர். நான்காம் முறை படி தன் இடத்தில் அமர்ந்தது. அம்மா உளியை வாங்கி முனையை ஒரு முறை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் துணியில் சுற்றிக்கொண்டார்.