மலைக்குள் ஒரு வழி, மலைமேல் ஒரு வழி

வடக்கே ஜேர்மனிக்கும் தெற்கே இத்தாலிக்கும் இடையே மதில்போல் நிற்பது ஆல்ப்ஸ் மலைத்தொடர். அதன் நடுப்பகுதியிலே, நம்மவர் பலர் குடியேறி வாழும் சுவிற்சர்லாந்து நாட்டில், கொத்தார்ட் என்னும் மலை உண்டு. மலைக்கு வடபுறத்திலே ஜேர்மன் மொழி வழங்கும். தென்புறத்திலே, திச்சினோ மாநிலத்தில், இத்தாலிய மொழி வழங்கும். ஒரே நாட்டின் இவ்விரு பகுதிகளையும் பிணைத்து வைத்திருப்பவற்றுள் தலையாயது இருப்புப்பாதை.

அம்மலையிலே இருப்புப்பாதைகள் இரண்டு உள. ஒன்று பாட்டனார் காலத்தது. மற்றையது பேரப்பிள்ளை காலத்தது. பேரப்பிள்ளை நோயுற்றுப் படுத்த ஓராண்டுக் காலத்தில் பாட்டனார் எழுந்து வந்து குடும்பப் பாரத்தைச் சுமந்தார். அந்நாட்களில், 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், உறவினர் ஒருவரைக் காணும்பொருட்டு அவ்வழியே செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அங்கே கண்டதும் கேட்டதும் நம் நாட்டவரும் சிந்திக்கத் தக்கவை.

முதலில் பேரப்பிள்ளையைப் பற்றிச் சொல்லுவோம். வடக்கே எர்ஸ்ட்பெல்ட் என்னும் ஊரருகே மலையுட் புகுந்து, தெற்கே போடியோ என்னும் ஊரருகே வெளிப்படும் இச்சுரங்கப்பாதையின் நீளம் 57 கிலோமீற்றர். உலகத்திலுள்ள புகையிரதச் சுரங்கங்களுள் இதுவே மிக நீளமானது. பதினேழு ஆண்டு உழைப்பின் பயனாக 2016 ஜூன் 1ஆந் திகதி இது திறந்து வைக்கப்பட்டது. ஒன்றுக்கொன்று இணையாக இரண்டு குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஒற்றைத் தண்டவாளப் பாதை. ஏறக்குறைய 325 மீற்றருக்கு ஒன்றாகக் குறுக்கு வழிகள் இரு குழாய்களையும் தொடுக்கின்றன. தலைக்கு மேலே சில இடங்களில் 2,300 மீற்றர் கனமான பாறை. அவ்வாழத்திற் பாறையின் வெப்பம் 45 பாகையளவுக்கு ஏறுகின்றமையால், உள்ளே பனிக்காலமும் இல்லை, வேனிற்காலமும் இல்லை, எந்நாளும் புழுக்கமே.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆந் திகதி, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி முப்பது பெட்டிகளுடன் ஒரு சரக்கு வண்டி இச்சுரங்கத்தின் மேற்குக் குழாயினுட் புகுந்தது. அதிலொரு பெட்டியின் சக்கரம், நாட்பட்ட தேய்வினால் உண்டான வெடிப்புப் பெருத்து, ஓட்டத்திலேயே உடைந்தது. தடம்புரண்ட பெட்டி சில கிலோமீற்றர் தூரம் இழுபட்டுச் சென்றது. பின்னர் பைடோ என்னுமிடத்திலே, வண்டிகள் ஒரு குழாயிலிருந்து மறு குழாய்க்கு மாறுதற்கென அமைந்த சந்தியை அடைந்தபோது, வண்டி இரண்டாகத் துண்டுபட்டது. பல பெட்டிகள் புரண்டன. இரு குழாய்களையும் பிரித்து நின்ற பெரிய கதவும் நொறுங்கியது. நல்லூழாக ஓருயிரும் போகவில்லை. ஆனால், தடம்புரண்ட பெட்டி உழுது சென்ற வழியெல்லாம் பாதை பாழ்பட்டது.

ஒரு வண்டி புரண்டதற்கு ஓராண்டு வேலையா என வாசகர் வினவலாம். சாதாரண இருப்புப்பாதையிலே சல்லிக் கற்களின் மீது சிலிப்பர்க் கட்டைகள் கிடக்கும். பழுதுபட்டதை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகலாம். இச்சுரங்கத்திலோ சல்லிக் கற்கள் இல்லை. கட்டைகள் கொங்கிறீற்றுத் தளத்தினுள்ளேயே பதிக்கப்பட்டுள்ளன. ஆகவே உடைந்த ஒவ்வொன்றையும் பெயர்த்தெடுத்துப் புதிய கட்டையை வைத்து, மீண்டும் கொங்கிறீற்று இடல் வேண்டும். இவ்வாறு மாற்றப்பட வேண்டியிருந்தவை 7 கிலோமீற்றர் பாதையும் ஏறத்தாழ 20,000 கட்டைகளுமாம். வேலைக்குரிய ஆளும் கருவியும் பொருளும், பக்கத்திலே பாதை வேறெதுவும் இல்லாமையால், சுரங்கத்தின் வாயிலிலிருந்து தண்டவாளத்தின் வழியேதான் உள்ளே செல்லவேண்டும். மொத்தச் சேதம் 150 மில்லியன் பிராங்க் அளவினது என்றனர்.

இனிப் பாட்டனாரிடம் வருவோம். புதிய சுரங்கம் திறக்கப்பட்ட பின்னர், 1882ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற பழைய மலைப்பாதையில் உள்ளூர் வண்டிகளும் உல்லாசப் பயணிகளுமே செல்லலாயினர். இரண்டு பாதைகளையும் ஒருங்கே பேணுவது வீண் செலவன்றோ என்ற வாதம் அங்கும் எழாமலில்லை. எனினும் பாதையை அவர்கள் கைவிடவில்லை. விபத்து நிகழ்ந்ததும் பயணிகள் வண்டிகளை அதன்மீது திருப்பிவிட்டனர். சூரிச் நகரிலிருந்து லுகானோவுக்கு இரண்டு மணித்தியாலமளவில் முடியும் பயணம் மூன்று மணித்தியாலம் ஆயிற்று.

நாம் ஏறிய வண்டியும் எர்ஸ்ட்பெல்ட் கடந்ததும் வேகம் தளர்ந்து மலையேறத் தொடங்கியது. அங்கே கடல்மட்டத்திலிருந்து 472 மீற்றர் உயரம். கோஷெனன் நிலையத்தில் 1,106 மீற்றர். நம் பட்டிப்பொல நிலையம் 1,890 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கின்றது என்பதை நினைக்கும்போது, உயரத்தில் நாம் அவர்களுக்கு இளைத்தவரல்லேம் என்ற பெருமை ஒரு கணம் மனத்தில் எழுந்தது. ஆயினும் மலையின் செங்குத்து அங்கே கொடியது. நேரே ஏற இயலாமையால் பாதை மலைக்குள்ளேயே சுருண்டு சுருண்டு ஏறுகின்றது. தெமோதரையிலே, நிலையத்துக்குக் கீழேயே சுரங்கம் புகுந்து வண்டி வட்டமிடுவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இச்சுருளின் விந்தையை வாசன் என்னும் சிற்றூரிற் காணலாம். அவ்வூரின் குன்றின்மேல் ஒரு வெண்ணிறத் தேவாலயம் நிற்கின்றது. முதலில் அண்ணாந்து பார்க்கும்படி அது நமக்கு மேலே தோன்றியது. வண்டி ஒரு சுரங்கம் புகுந்து வெளிப்பட, அதே தேவாலயம் நேரெதிரே நின்றது. மீண்டும் இருளும் ஒளியும் மாறிவர, அது நம் காலடியில் விளையாட்டுப் பொருள்போற் கிடந்தது. வண்டியிலிருந்த சிறுவர்கள் சன்னலண்டை நெருங்கி நின்று மூன்று முறையும் எண்ணினர். அவர்களுடைய தந்தையரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தவண்ணம் இருந்தனர். ஒரே ஒரு மணித்தியாலம் சிலருக்கு இலாபமாகவும் சிலருக்கு நட்டமாகவும் ஆன காட்சி அது.

கோஷெனன் நிலையத்தைக் கடந்தவுடன் 15 கிலோமீற்றர் நீளமான பழைய கொத்தார்ட் சுரங்கம். 1872இலே தொடங்கிய இவ்வேலையை ஏற்றவர் ஜெனீவாவைச் சேர்ந்த லூயி பாவ்ர் என்னும் ஒப்பந்தக்காரர். இரு முனைகளிலிருந்தும் குடைந்து வந்தோர் 1880 பெப்ரவரியில் நடுவிலே சந்தித்தபோது அவர் உயிருடன் இல்லை. 1879 ஜூலையில், சுரங்கத்தைப் பார்வையிட்டுக்கொண்டிருந்த வேளையிலே, அதனுள்ளேயே மயங்கி விழுந்து இறந்துவிட்டார். அவ்வேலையில் மாண்ட தொழிலாளர் ஏறத்தாழ இருநூறு பேர். பெரும்பாலோர் இத்தாலிய ஏழைகள். விபத்துக்குத் தப்பியோரையும் கொக்கிப்புழு நோய் வருத்தியது. 1875இலே, நிலைமை பொறாது வேலைநிறுத்தம் செய்தவர்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்து நால்வர் இறந்தனர். நம் மலையகத்தின் பாதையும் கூலியாட்களின் வியர்வையாலே ஆனதென்பதை அறிந்த நமக்கு, அந்தப் பத்து நிமிட இருளிலே பேச்சு எழவில்லை.

ஐரோலோவில் வெளிப்பட்டதும் உலகமே மாறியது. வடபுறத்திற் கண்ட பனிமூட்டம் எங்கோ மறைந்தது, இளவெயில் சன்னலில் அடித்தது, ஊர்ப்பெயர்கள் இத்தாலியமாயின. பெலின்சோனா நிலையத்தில் உறவினர் காத்திருந்தார். அங்கு வீடெடுத்து, மலைக்கு அப்பாலுள்ள லூசேர்ன் நகரிலே உணவுச்சாலையொன்றில் வேலை பார்ப்பவர் அவர். பாதை அடைபட்டமையால் உண்டான கஷ்டத்தை விசாரித்தோம்.

“போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம் கூடிப்போச்சு, அண்ணை. நான் வீடு சேரேக்கை பிள்ளை நித்திரை. ஞாயிற்றுக்கிழமைதான் முகம் பார்க்கிறது” என்றார். சற்றுப் பொறுத்து, “ஆனால் பாதை பூட்டினதெண்டு ஒருநாளும் வேலைக்குப் போகாமல் நிண்டதில்லை” என்றும் சொன்னார்.

அவ்விரு வாக்கியங்களுள்ளே இப்பொருள் முழுவதும் அடங்கும். பழுதுபார்க்கும் வேலை நடக்கும்போது இடர் வரவே செய்யும். ஒரு குழந்தைக்குத் தந்தையின் முகம் வாரத்தில் ஒருநாட் காட்சியாகிவிடும். ஆனால் மாற்றுவழி ஒன்று இருக்குமாயின், இடர் இடராகவே நின்றுவிடும், இழப்பாக மாறாது.

பழுதுபடாத கிழக்குக் குழாயைச் சரக்கு வண்டிகளுக்கு அவர்கள் முதலில் அளித்ததற்கும் காரணம் உண்டு. பாரவண்டிகளைச் சுமந்து செல்லும் உயரமான சரக்குப் பெட்டிகள் பழைய சுரங்கங்களிற் புகமாட்டா. பயணிகள் வண்டிகள் புகும். ஆகவே 2023 ஆகஸ்ட் 23 முதல் சரக்கு மலைக்குள்ளும், பெரும்பாலான பயணிகள் மலைமேலும் சென்றனர். வேறு வழியற்றவர்க்கு நல்ல வழியை விட்டு, வழியுள்ளவர் சுற்றிச் செல்வது குடும்பங்களிலே நாம் காணும் முறையன்றோ?

மாற்றுவழி செவ்வனே அமையாவிடின் யாது நேரும் என்பதற்கும் அண்மைக்காலச் சான்று உண்டு. ஜேர்மனியிலே ரஸ்டாட் என்னும் ஊரில், ஓடிக்கொண்டிருந்த பாதையின் கீழே புதிய சுரங்கம் அகழ்ந்தபோது, 2017 ஆகஸ்ட் 12ஆந் திகதி நிலம் தாழ்ந்து தண்டவாளம் வளைந்தது. ஒக்டோபர் 2ஆந் திகதி வரை அப்பாதை மூடப்பட்டது. நாள்தோறும் நூற்றுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகள் செல்லும் பெருவழி அது. சுற்றுவழிகள் போதியனவாக இல்லாமையால், பல நாடுகளின் வணிகம் அவ்வேழு வாரமும் தத்தளித்தது.

மூடிய பாதை என்றால் என்னவென்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1956இலே ஓடத்தொடங்கிய யாழ்தேவி, 1990இலே யாழ்ப்பாணம் வருவது நின்றது. பின்னர் தண்டவாளமும் போயிற்று, கட்டையும் போயிற்று. 2014 ஒக்டோபர் 13ஆந் திகதி வண்டி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துள் நுழைந்தபோது, புகையிரதத்தைப் படத்தில் மட்டுமே கண்டு வளர்ந்த ஒரு தலைமுறை மேடையிலே நின்றது. அது போரின் வினை, பழுதுபார்த்தலன்று. ஆனால், 2023 ஜனவரியில் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையிலான பாதையைத் திருத்தத்துக்காக மூடி, ஜூலையில் திறந்தபோது நம்மவர் பொறுமையுடன் இருந்தார்களென்றால், அது திறக்கும் நாளுள்ள மூடுதல் என்பதை அவர்கள் அறிந்திருந்தமையாலேயாம். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின் வெள்ளமும் மண்சரிவும் மலையகப் பாதையைக் குலைத்தபோதோ, சுற்றிச் செல்ல மலைமீது வேறு தண்டவாளம் இருக்கவில்லை. ஒற்றைப் பாதையை நம்பி வாழும் ஊர்கள், அப்பாதைக்குரிய பராமரிப்புச் செலவை ஒருபோதும் வீண் செலவென்று எண்ணலாகாது.

திறக்கும் நாளைப் பற்றியும் ஒன்று சொல்லல் வேண்டும். புதிய சுரங்கத்தை 2024ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே முற்றாகத் திறக்கலாமென அந்நாட்டார் முதலில் எண்ணினர். உள்ளே சென்று ஆராய, சேதம் எண்ணியதினும் பெரிதென்பது புலனாயிற்று. உடனே, 2023 நவம்பரில், செப்டம்பர் வரை செல்லும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டனர். இனிப்பான பொய்யினும் கசப்பான திகதி மேல். அதனை வைத்துக்கொண்டு மக்கள் தம் காரியங்களை வகுத்துக்கொள்வர்.

சொன்னபடியே 2024 செப்டம்பர் 2ஆந் திகதி இரு குழாய்களும் முழுமையாக இயங்கின. பெலின்சோனாவிலுள்ள அந்தக் குழந்தை இப்பொழுது உறங்குமுன் தந்தையைக் காண்கின்றது. பாட்டனார் மீண்டும் திண்ணைக்குத் திரும்பிவிட்டார். ஆயினும் அவரை எவரும் வீட்டைவிட்டு அனுப்பவில்லை. அவருக்குரிய சோற்றையும் மருந்தையும் குடும்பம் குறைக்கவில்லை. வாசன் தேவாலயத்தை மூன்று முறை சுற்றிக்காட்டும் வண்டிகள் மலைமேல் மெல்ல ஏறிக்கொண்டேதான் இருக்கின்றன.