‘இன்னாடி இது, நனைஞ்ச உப்பளமா?’ - அம்மாவின் பனிமலை போட்டோவில் வானத்தைத் தேடிய கதை!

பாகூரில் பனி என்றால் மார்கழிப் பனிதான். விடியற்காலையில் ஏரிக்கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. வெயில் ஏறியதும் கலைந்துவிடும். மலைமேல் கொட்டிக் கிடக்கும் பனிக்கும் தமிழில் அதே பெயர்தான். அந்தப் பனியை அம்மா சினிமாவில் மட்டும்தான் பார்த்திருந்தார்.

பிப்ரவரியில் அவரை மணாலிக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்து அடல் சுரங்கப்பாதை வழியாக சிஸ்ஸு கிராமம். ரோதாங் கணவாயைப் பனி மூடினால் முன்பெல்லாம் லாஹௌல் பள்ளத்தாக்கு மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டுவிடும். 2020-ல் திறக்கப்பட்ட இந்த 9 கிலோமீட்டர் சுரங்கத்தால் இப்போது குளிர்காலத்திலும் போக முடிகிறது. சுரங்கத்தின் இருட்டிலிருந்து கார் வெளியே வந்த நொடியில் கண்ணை எடுக்க முடியாத வெள்ளை. எப்போதும் பேசிக்கொண்டே வரும் அம்மா, சிஸ்ஸு போய்ச் சேரும் வரை பேசவே இல்லை.

கிட்டத்தட்ட 200 போட்டோ எடுத்தேன். அதில் ஒன்றைப் பெரிதாக பிரின்ட் போட்டு ஹாலில் மாட்ட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ஊருக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அத்தை போனை வாங்கி நாலைந்து படங்களைத் தள்ளிப் பார்த்தார். “இன்னாடி இது, மழையில நனைஞ்ச உப்பளம் மாதிரி இருக்குது? உங்கம்மா எங்க?”

அத்தை சொன்னதில் தப்பில்லை. பனி சாம்பல் நிறத்தில் கிடந்தது. அம்மாவின் முகம் கறுப்பாக, யாரென்றே தெரியவில்லை. வானமோ ஒரு படத்தில் விளம்பர போர்டு போல பளீர் நீலம், இன்னொன்றில் வெறும் வெள்ளைத்தாள். “அங்க வானம் இப்படியா இருந்துச்சு? கருநீலமா, ராத்திரி வரப்போற மாதிரில்ல இருந்துச்சு” என்றார் அம்மா. முழங்கால் வலியோடு போய்வந்தவர். இன்னொரு முறை போகலாம் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

அத்தை சொன்ன உப்பளம் மட்டும் மனதில் நின்றது. ஏப்ரலில் ஒரு ஞாயிறு, அம்மாவை ஸ்கூட்டரில் உட்காரவைத்து புதுச்சேரியைத் தாண்டி ஈ.சி.ஆரில் மரக்காணம் போனேன். உப்பு எடுக்கும் காலம். பாத்திகளின் ஓரமாக வெள்ளை வெளேரென்று குவியல்கள், மேலே வெறும் வானம். கண்ணைக் கொஞ்சம் சுருக்கினால் சிஸ்ஸுவேதான்! வேலை செய்துகொண்டிருந்தவர்களிடம் கேட்டுவிட்டு, ஒரு குவியல் பக்கத்தில் அம்மாவை நிற்கவைத்தேன். ஒரு மணி நேரத்தில் எங்களுக்குக் கண் கூசி நீர் வந்துவிட்டது. அவர்களுக்கு அந்த வெள்ளை தினமும்.

முதல் படம் அதே சாம்பல். காரணம் இதுதான்: எதிரில் இருப்பது உப்பா, பனியா, கறுப்பு எருமையா என்று கேமராவின் ஒளிமானிக்குத் தெரியாது. எல்லாக் காட்சியும் சராசரியாக 18 சதவிகித சாம்பல் அளவுக்கு ஒளியைத் திருப்பித் தரும் என்ற கணக்கில் வேலை செய்கிறது. ஃபிரேம் முழுக்க வெள்ளை இருந்தால், ‘அடேயப்பா, வெளிச்சம் அதிகம்’ என்று குறைத்துவிடும். ஸ்மார்ட்போன்கள் இதை ஓரளவு சமாளித்தாலும் பனியில் இன்னும் தடுமாறுகின்றன. திரையில் வெள்ளையைத் தொட்டால் சின்ன சூரியன் ஒன்று வருமே, அதைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். புரோ மோடில் என்றால் பிளஸ் 0.7 முதல் 1 வரை. உப்பு உப்பாகிவிடும். எங்கள் ஏரியில் கரும்பச்சைக் கோரைக்கு முன்னால் நிற்கும் கொக்குக்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். கீழே தள்ளாவிட்டால் இறகே தெரியாது.

ஆனால், வெளிச்சத்தைக் கூட்டியதும் வானம் வெளுத்துவிட்டது. இங்கேதான் நிற்கும் இடம் முக்கியம். சூரியனுக்கு எதிரே போனைப் பிடித்தால் வானத்துக்கு நிறமே கிடையாது. சூரியன் உங்கள் தோளுக்கு நேர் பக்கவாட்டில் இருந்தால், எதிரே இருக்கும் வானம்தான் மிக ஆழமான நீலம். அம்மாவைச் சூரியன் பக்கமாகக் கொஞ்சம் திருப்பினேன். உப்பிலிருந்து எதிரொளித்த வெளிச்சம் கீழிருந்து முகத்தில் விழுந்தது. ஃபிளாஷே வேண்டாம். சிஸ்ஸுவில் அவர் நின்றது நேர் எதிர்ப்பக்கம். அத்தைக்கு அம்மாவைத் தெரியாமல் போனதில் ஆச்சர்யமில்லை.

அந்தக் கருநீலத்துக்கும் காரணம் இருக்கிறது. நம் கடலோரக் காற்றில் ஈரமும் தூசும் அதிகம். அவை எல்லா நிறத்தையும் சேர்த்துச் சிதறடிப்பதால் வானம் பால் கலந்த நீலமாகிறது. சிஸ்ஸு சுமார் 3,100 மீட்டர் உயரம். காற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காலுக்குக் கீழே தங்கிவிடுகிறது. 1787-ல் ஆல்ப்ஸின் மோன் பிளாங்க் சிகரத்தில் ஏறிய ஜெனீவா விஞ்ஞானி சோசூர், வெவ்வேறு நீலத்தில் சாயமேற்றிய காகிதத் துண்டுகளைக் கொண்டுபோய் வானத்தோடு ஒப்பிட்டார். உயரத்தில் வானம் கறுக்கிறது என்பதை அப்படித்தான் அளந்தார். (பளீர் நீலத்துக்காக போலரைசர் ஃபில்டர் வாங்கிக்கொண்டு மலையேறுகிறவர்கள் கவனிக்க: அங்கே அது வானத்தைக் கிட்டத்தட்ட கறுப்பாக்கிவிடும்.)

வீட்டுக்கு வந்து பழைய படங்களைத் திறந்தேன். வெள்ளைத்தாள் வானம் இருந்தவற்றில் செய்ய ஒன்றுமில்லை. அழிந்த நிறம் திரும்பாது. ஆனால், அத்தை கிண்டலடித்த சாம்பல் படங்கள் உயிரோடு இருந்தன. இருட்டில் விவரம் ஒளிந்திருக்கும், மேலே இழுத்தால் வரும். அதில் ஒன்றை எடிட்டிங் ஆப்பில் போட்டு, பனி வெள்ளையாகும் வரை ஏற்றினேன். முகத்தை மட்டும் தனியே தொட்டுக் கூட்டினேன். பனி மேட்டின் நிழல் நீலமாக வந்தது. அதை அப்படியே விட்டேன். நிழலுக்கு வெளிச்சம் தருவது நீல வானம்தானே!

மிச்சம் வானம். என்னிடம் சோசூரின் காகிதம் இல்லை, அம்மா இருந்தார். பக்கத்தில் உட்காரவைத்து நீலத்தை மெல்லக் கறுக்கவைத்தேன்.

“இன்னும்... இன்னும் கொஞ்சம்... போதும். இல்ல, ஒரு சொட்டு திருப்பி வை.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “இதான். நீ சுரங்கத்துலருந்து வெளிய வந்ததும் நான் பார்த்தது இதான்.”

வில்லியனூரில் பிரின்ட் போட்டோம். கடைக்காரர், “வானம் ரொம்ப டார்க்கா இருக்குமா, கொஞ்சம் ஏத்திடவா?” என்று மவுஸில் கைவைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தடுத்துவிட்டார்.